போர்மேன் கட்டிய மண்டபம்

சிவகாசி வட்டாரத்திலேயே பட்டாசைக் கண்டு பயந்த ஒரே ஆண்மகன் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: பட்டாசு கம்பெனி போர்மேன் அண்ணாச்சி. மற்றவர்கள் எல்லாம் மாவீரர்கள். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் சரவெடி, காது குத்தினால் சரவெடி, ஆள் செத்தாலும் சரவெடி. அண்ணாச்சி மட்டும் ஊதுபத்தியைக்கூட ஓர் அடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தார். ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான், தரையில் எதையும் உரசி இழுக்கக் கூடாது, மிச்ச வெடிமருந்து ராத்திரி தங்கக் கூடாது என்று விதி சொல்வது அவர் வேலை. அதைக் கேட்காமல் இருப்பது முதலாளியின் வேலை. "சீசன் முடியட்டும் போர்மேன், எல்லாத்தையும் சரி பண்ணிருவோம்" என்பார் முதலாளி. ஆனால் சிவகாசியில் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது?

கடைசியில் அண்ணாச்சி வேலையை விட்டார். இருக்கன்குடிக்குப் போகிற ரோட்டோரம் இருந்த சொந்த நிலத்தில் கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கல்யாண மண்டபம் கட்டினார். அங்கேதான் வினை. அவருக்குத் தெரிந்த கட்டடம் உலகத்தில் ஒன்றே ஒன்று, பட்டாசு கம்பெனி. அதையே கட்டிவிட்டார்.

பெண் ரூம் கிழக்குக் கோடி, மாப்பிள்ளை ரூம் மேற்குக் கோடி, நடுவில் வேப்பமரங்கள். சமையல்கட்டு காம்பவுண்டை ஒட்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில். அங்கிருந்து கிளம்பிய இட்லி பந்திக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு முகூர்த்தமே வந்துவிடும். எல்லா ரூமுக்கும் நாலு பக்கமும் கதவு. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.

"மாப்பிள்ளை ரூமுக்காவது ஒரு தாழ்ப்பாள் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஓடுறதுக்கு வசதியா இருக்கணும் தம்பி."

அந்த மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணம் என்னுடையது. அந்த முகூர்த்தத்துக்கு அது ஒன்றுதான் காலியாக இருந்தது. ஏன் காலியாக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெண்ணின் தாய்மாமன் வேறு யாருமில்லை, அண்ணாச்சியின் பழைய முதலாளியேதான். அவர் கம்பெனிப் பட்டாசுக்கு நான் லேபிள் வரைந்து கொடுத்த பழக்கத்தில் அமைந்த சம்பந்தம். "நம்ம போர்மேன்தான? சொன்னாக் கேப்பாரு" என்று முதலாளி தாராளமாகச் சம்மதித்தார்.

கல்யாணத்தன்று வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் ஒரு செப்புத் தகடு. உடம்பிலிருக்கிற கரண்டு இறங்க, மருந்து ரூமுக்குள் போகிறவர்கள் தொட்டுவிட்டுப் போகிற தகடு அது. "தொட்டுட்டு உள்ள வாங்க, தொட்டுட்டு வாங்க" என்று அண்ணாச்சி ஒருவரையும் விடவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் ஏதோ சாமி காரியம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு குடும்பம் குங்குமம் வைத்துக் காணிக்கையும் போட்டது.

சமையல் மாஸ்டரிடம் போய், "மிச்சச் சாம்பார் ராத்திரி தங்கக் கூடாது, பாத்துக்கோங்க" என்று எச்சரித்தார். பிறகு மணல் வாளியோடு மணவறைக்கு வந்து ஹோமகுண்டத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சாமி, நெய்ய மொத்தமா ஊத்தாதீக. கொஞ்சங் கொஞ்சமா."

"இது அக்னி பகவான் ஐயா" என்றார் ஐயர், பொறுமையாக.

"எனக்கும் தெரிஞ்சவருதான் சாமி. ரொம்ப நாள் பழக்கம்."

இங்கே என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சங்குளத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவள். பக்கத்து ரூம் வெடித்த நாளிலிருந்து அவளுக்குக் கல்யாண வீடே ஆகாது. கெட்டிமேளத்தோடு சரம் வெடிக்கும் என்று தெரியும். அதனால் ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைக்கும்போதே காதைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக எங்காவது போய்விடுவாள். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்றும் சித்தி எழுந்துவிட்டாள். காரணம் வாசலில் வந்து இறங்கியிருந்தது. முதலாளியின் காரிலிருந்து பத்தாயிரம் வாலா பெட்டி. அவர் கம்பெனிச் சரக்கு, நான் வரைந்த லேபிள். அண்ணாச்சி வாளியை வைத்துவிட்டு ஓடினார். எல்லாக் கதவும் திறந்தே கிடந்ததால் மணவறையிலிருந்து எனக்கு எல்லாமே தெரிந்தது, கேட்டது.

"இங்கன வெடி போடக் கூடாது முதலாளி."

"என்னய்யா பேசுத? எம் பட்டாசு, எம் மருமக கல்யாணம்!"

"எம் மண்டபம்" என்றார் அண்ணாச்சி. காலமெல்லாம் கைகட்டி நின்ற முதலாளியிடம் அவர் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"போர்மேன், நான் ஒரு வார்த்த சொன்னா இந்த ஏரியாவுல ஒரு பய உம் மண்டபத்துப் பக்கம் வர மாட்டான். தெரியும்ல? நகரு."

அண்ணாச்சி நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லாரும் பார்க்க, அந்தப் பெட்டியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டாசுக்குப் பயந்த மனிதர் பத்தாயிரம் வெடி மேல்!

"எந்திரிய்யா!"

"தாலி கட்டி முடியட்டும் முதலாளி. எல்லாத்தையும் சரி பண்ணிருவோம்."

கெட்டிமேளம் முழங்கியது. வேறு சத்தமே இல்லை. நான் தாலி கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, சித்தி முதல் வரிசையில் நின்று என் மேல் அட்சதை போட்டுக்கொண்டிருந்தாள். காதில் கை இல்லை. "ஏலே, நல்லா இருங்கலே" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. புகையென்று சமாளித்தேன்.

முதலாளி சாப்பிடாமல் போனார். சொன்னபடி செய்தும் காட்டினார். பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுகூட அந்த மண்டபத்துக்கு வரவில்லை. ஆனால் பட்டாசு வேலைக்குப் போகிற அச்சங்குளத்துக்காரர்களும் புதுப்பட்டிக்காரர்களும் இப்போது அங்கே தேதி கிடைக்காமல் அலைகிறார்கள். இட்லி ஆறினால் ஆறட்டும் என்கிறார்கள்.

அன்று தாலி கட்டி முடிந்த கையோடு, மாலையும் கழுத்துமாக நானும் என் மனைவியும் அவரைத் தேடிப் போனோம். தன் மண்டபத்தின் முதல் தாலிகட்டைப் பார்க்காமல், வெயிலில், அதே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி."

"எல்லாரும் நல்லாருக்காகளா? யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

அன்றைக்கு எங்களை எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். வந்தவர்கள் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். பெட்டியிலிருந்து இறங்கச் சொல்லாமலே, நாங்கள் இருவரும் அவர் காலில் விழுந்தோம்.