ஐயாவுக்கு உயரம் ஆகாது

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், நம்புவது உங்கள் விருப்பம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவள் என் மகளேதான், கையில் துணிப்பெட்டியோடு. உங்களுக்குத் தபால் செலவு மிச்சம். "நாட்டையே ஆளும் பிள்ளையைப் பெற்றவர், மருமகனுக்கு ஒரு மாற்றல் வாங்கித்தர முடியாதா? அது வரும்வரை உங்கள் மகள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை மலைமேல் அந்த எல்லையோர ஆஸ்பத்திரியில், கரண்ட் வருகிற நேரம் பார்த்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு கிடப்பது எனக்கும் வருத்தம்தான். கேட்டால் ஆகாமலா போகும் என்று நினைத்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

சம்பந்தி, அந்த அறையை நீங்கள் பார்க்கவேண்டும். எங்கள் வீடு மொத்தமும் அதற்குள் அடங்கும், மாடிப்படி உட்பட. மேசைக்குப் பின்னால் என் மகன் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏசி அப்படிக் குளிர்கிறது, குறைக்கலாம் என்றால் ரிமோட் செயலாளரிடம் இருக்கிறதாம். "டீ சாப்பிடறீங்களாப்பா?" என்று கேட்டு மேசைமேல் இருந்த மணியை அழுத்தினான். யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினான். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இந்த மணிக்கு ஒயரே கொடுக்கலைப்பா. செயலாளர் ரூம்ல இருக்கிறதுதான் அடிக்கும்" என்றான். கடைசியில் நான்தான் வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தேன். காப்பி வந்தது.

மாற்றல் விஷயத்தைச் சொன்னதும் சுகாதார மந்திரிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். மந்திரி குரலில் என்ன பணிவு! "மாண்புமிகு பிரதமர் அவர்களே, உங்க உத்தரவு என் தலைமேல. ஆனா ஐயா காதுல மட்டும் ஒரு வார்த்தை போட்டுடுங்க" என்றார். போனை வைத்ததும், "ஐயான்னா யாருடா?" என்றேன். "ஐயான்னா ஐயாதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காப்பியை என் பக்கம் தள்ளினான்.

யார் அந்த ஐயா என்று வெளியே இருந்த காவலாளியைக் கேட்டால் வழியே சொல்லிவிட்டான். அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அவருக்கும் எந்தப் பதவியும் கிடையாது. கட்சியில் உறுப்பினர் அட்டையாவது இருக்கிறதா என்பதே சந்தேகம் என்கிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் தெரு முழுக்கக் கார்கள். வாசலில் நின்றவன், "என்ன விஷயமா வந்தீங்க?" என்றான். இந்த ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமே என்று, "நான் பிரதமரோட அப்பா" என்றேன். அவன் அசரவில்லை. "அவரும் உள்ளதான் உக்காந்திருக்காரு, போங்க" என்றான்.

போனேன். நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு காண்டிராக்டருக்கும் கல்லூரி முதல்வராக இருக்கும் ஒரு அம்மாளுக்கும் நடுவில் என் மகன். செருப்பு ஷூ எல்லாம் வெளியே கழற்றவேண்டும் என்பதால் வெறும் காலுறையோடு இருந்தான். கட்டைவிரல் பக்கம் ஓட்டை. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். அவனுக்காக அங்கே யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை.

"நீ எங்கடா இங்க?"

"மந்திரிசபையை நான் மாத்தப்போறேன்னு பேப்பர்ல போட்டிருக்காங்கப்பா. யாரை மாத்தறேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு உதவியாளர் வந்து, "பெரியவரே, நீங்க வாங்க" என்றார். என் மகனும் பாதி எழுந்தான். "சார், நீங்க இருங்க" என்றார் அவனிடம்.

உள்ளே சின்ன அறை. ஐயா ஒல்லியான மனிதர். பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றி அதில் காலை விட்டுக்கொண்டிருந்தார். மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை.

"உக்காருங்க. துறைமுகத்துல கிரேன் ஓட்டினீங்களாமே? அவ்வளவு உயரத்துல உக்காந்தா பயமா இருக்காது?"

"பழகிடுங்க."

"எனக்கு உயரமே ஆகாது. அதனாலதான் நான் எந்தப் பதவிக்கும் போறதில்லை" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். "மருமகன் விஷயம் கேட்டுக்கிட்டேன். குடும்பம்னா ஒண்ணாத்தான் இருக்கணும், நாளைக்கே செஞ்சுடலாம். துறைமுகத்தை என் மைத்துனன் கம்பெனிக்குக் கொடுக்கிற பைல் ஒண்ணு உங்க பையன் மேசையில தூங்குது. நானே கையெழுத்துப் போட்டுடுவேன், என்ன பண்றது, சட்டம் அவன் கையெழுத்தைத்தான் கேக்குது. தங்கமான பையன், இதுல மட்டும் ஒரே பிடிவாதம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"என்னப்பா சொன்னாரு?" என்றான் மகன்.

"என் வயசு என்னன்னு கேட்டாரு."

"துறைமுகத்து பைல் பத்தி ஏதாவது?"

"இல்லையே."

"கேட்டா காதுல வாங்காதீங்க. அது போச்சுன்னா உங்ககூட வேலை பார்த்தவங்க பிள்ளைங்க அத்தனை பேரும் தெருவுக்கு வந்துடுவாங்க. இந்தப் பதவியில நான் எதையும் செய்யலைப்பா. என்னை விடமாட்டாங்க. ஆனா இதைச் செய்யாம இருக்கலாம். அது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

இத்தனை பேர் நடுவில் அவன் தோளைத் தட்டிக்கொடுக்கக் கூச்சமாக இருந்தது. காலுறையை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணன் கையெழுத்துப் போட வேணாம்ப்பா. நான் மலைக்கே போய் அவரோட இருந்துக்கறேன், கரண்ட் இல்லாட்டி என்ன" என்றாள். உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, மாற்றல் வராது. வரும் என்று காத்திருக்கவேண்டாம், அடுத்த கடிதத்தை இவள் கையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம். நாட்டை ஆளுகிற பிள்ளை எனக்கு இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் இருக்கிறான். அவனைப் பெற்றதில் எனக்குப் பெருமை. இவ்வளவு வயதுக்குப் பிறகு முதல்முறையாக ஒருவரிடம் இப்படி நெஞ்சை நிமிர்த்தி எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், கூடுமானால் முதுகெலும்போடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பிரதமரின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து போன். மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம், வாரக் கடைசியில் வந்து சேருகிறார். இங்கே எங்கள் வீட்டு டிவியில் துறைமுகம் கைமாறிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மகனைக் கூப்பிட்டேன். "போட்டுட்டியாடா?" என்றேன். "நீங்கதான் கேட்டீங்கன்னு ஐயா சொன்னாரேப்பா. என்கிட்ட நேர்ல சொல்லக் கூச்சப்படறீங்கன்னாரு. எனக்கும் அப்பவே தெரிஞ்சுது, உங்க முகமே சரியில்லை, வயசு கேட்டாருன்னு ஏதோ சொன்னீங்க. அப்பா கேட்டு நான் எதைப்பா இல்லைன்னிருக்கேன்?" என்றான். நான் கேட்கவேயில்லை என்று தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அவன் அதற்கப்புறம் எப்படித் தூங்குவான்? "ஆமாம்ப்பா, நான்தான் கேட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என்னோடு கிரேன் ஓட்டியவன் ஒருவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எடுக்கவில்லை. வேறு கடிதம் எழுதக் கை வரவில்லை, ஆகையால் மேலே உள்ளதைப் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மகளைத் திங்கட்கிழமை அனுப்பிவைக்கிறேன். மாற்றல் யார் வாங்கிக்கொடுத்தது என்று உங்கள் பக்கத்தில் யாராவது கேட்டால், பிரதமரின் அப்பா என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.