கோபாலசாமி மூச்சடக்கிய கதை

இனி ஒருபோதும் தோற்பதில்லை என்று கோபாலசாமி சபதம் எடுத்தபோது, துபாய்க்கு அருகே அஜ்மானில் தம் வீட்டுக் குளியலறையில், இடுப்பில் துண்டோடு, கண்ணாடி முன்பாக நின்றுகொண்டிருந்தார். சபதம் எடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எதிரே நிற்பவர் குறுக்கே பேசமாட்டார்.

ஓட்டுநர் உரிமத்துக்கான ஏழாவது தேர்வில் வென்றே தீர்வது. இதுதான் சபதம்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. துபாயில் மண்ணைக் கிளறினால் கட்டடம் முளைத்த காலம். ஒரு கட்டுமான நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கோபாலசாமி மேற்பார்வையாளர். அவருடைய ஆங்கிலேய மேலாளர் ஒருநாள் அவரை அழைத்து, ஜெபல் அலியில் தொடங்கவிருக்கும் புதிய சைட்டுக்கு அவரே இன்சார்ஜ் என்றும், கம்பெனி கார் உண்டு என்றும், ஆனால் மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் கையில் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தவறினால் அந்தப் பதவி அடுத்த மேசைக்காரரான சேதுமாதவனுக்குப் போய்விடும். சேதுமாதவன் பணியில் இளையவர், லைசென்சில் மூத்தவர்.

முந்தைய ஆறு தேர்வுகளின் வரலாறு வீரம் செறிந்தது. முதல் தேர்வில் வேகமாகப் போனார், தோல்வி. இரண்டாம் தேர்வில் அந்தப் பாடத்தை மனத்தில் இருத்தி மெதுவாகப் போனார், பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் இறங்கி வந்து, வண்டியைத் தள்ளிவிடட்டுமா என்று இந்தியில் கேட்டான், தோல்வி. மூன்றாவதிலும் நான்காவதிலும் ரவுண்டபௌட் என்ற சாலை வட்டம் அவரை உள்ளே வாங்கிக்கொண்டு வெளியே விட மறுத்தது. ஐந்தாவதில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டார். ஆறாவதில், கும்பகோணத்தில் அம்பாசிடர் ஓட்டிப் பழகிய இடக்கை, இங்கே வலப்புறம் இருக்கும் கியரை இடப்புறம் தேடிப் போய் கதவைத் திறந்துவிட்டது. தேர்வாளராக வந்த காவல் அதிகாரி, "இறங்கத்தான் போகிறாயா? நல்ல முடிவு" என்றாராம்.

"உன் கையில் குற்றமில்லை, மூச்சில்தான் குற்றம்" என்று மேலாளர் கண்டுபிடித்தார். அலுவலகக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் கரோலின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வியாழன்தோறும் யோகமும் மூச்சுப் பயிற்சியும் தியானமும் கற்பிக்கிறாள். மேலாளருக்கே அவளால்தான் தூக்கம் வருகிறதாம். கோபாலசாமியின் பெயரையும் அவரே பட்டியலில் சேர்த்துவிட்டார்.

செய்தியைக் கேட்ட மனைவி நாகவள்ளி, நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டாள்.

"மூக்கைப் பிடிக்கக் கத்துக்க வெள்ளைக்காரிகிட்டயா போறீங்க?"

"ஏன், போனா என்ன?"

"எங்கப்பா கொல்லையில உக்காந்து தினம் மூக்கைப் பிடிப்பாரு. அப்ப நீங்க என்ன சொன்னீங்க? உங்கப்பாவுக்கு என்ன, தீராத ஜலதோஷமான்னு கேட்டீங்க."

"சரக்கு நம்மதுதான் நாகு. ஆனா பேக்கிங் அவங்களுது. பாசுமதி அரிசியை வெறும் சாக்குல வாங்குறதுக்கும் ஜிப்பு வச்ச பையில வாங்குறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"சாதம் ஒண்ணுதானே?"

விடை தெரியாத கேள்விகளைக் கோபாலசாமி கேள்விகளாகவே மதிப்பதில்லை. புறப்பட்டுவிட்டார்.

பதினோராம் மாடியில் நீல விரிப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஏசியின் குளிரில் சவாசனம் தன் பெயருக்கேற்ப விறைத்தது. ஒலிப்பேழையிலிருந்து கடல் அலை இடைவிடாமல் இரைய, அதைக் கேட்டுக் கேட்டுக் கோபாலசாமிக்கு இருமுறை கழிவறைக்குப் போகவேண்டியிருந்தது. ஆயினும் அவர் கலங்கவில்லை. இடையில் வந்த வயிற்றை இமயமலைபோல் மதித்து, தம் கால்விரல்களைத் தொட முயன்றார். முழங்கால் வரை வெற்றி கிடைத்தது.

அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று அறிந்ததும் கரோலின் இரு கைகளையும் கூப்பி, "உங்கள் இரத்தத்திலேயே இது ஓடுகிறது!" என்று தலைவணங்கினாள். அத்தோடு விட்டிருக்கலாம். "உங்கள் ஊரின் பழைய மந்திரம் ஒன்றை எங்களுக்காகச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டாள்.

பதினான்கு வெள்ளைக்காரர்கள் கண்மூடிக் காத்திருந்தார்கள். கோபாலசாமிக்கு ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் மானம் பெரிதல்லவா? கண்களை மூடி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, "சுந்தரப்பெருமாள்கோயில்... பாபநாசம்... பண்டாரவாடை... அய்யம்பேட்டை... பசுபதிகோயில்..." என்று கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலான ரயில் நிலையங்களை வரிசையாக ஓதினார். முடிந்தபோது ஆஸ்திரேலியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலாளர், தம் முதுகுத்தண்டில் ஏதோ ஏறியதாகச் சொன்னார். தஞ்சாவூர் பாசஞ்சராகத்தான் இருக்கவேண்டும்.

அன்று கரோலின் ஓர் அரிய உபாயம் கற்பித்தாள். பதற்றம் வரும் நொடியில் கண்களை மூடவேண்டும். நான்கு எண்ணி மூச்சை இழுக்கவேண்டும், நான்கு எண்ணி அடக்கவேண்டும், நான்கு எண்ணி விடவேண்டும். பதற்றம் பறந்துவிடும். கோபாலசாமி அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டார்.

அதுமுதல் நாள்தோறும் மாலை ஏழிலிருந்து எட்டு வரை வீட்டுக்கூடம் தவச்சாலை ஆயிற்று. தொலைக்காட்சி வாய் மூடியது. குக்கர்கூட விசில் அடிக்கத் தயங்கியது. பல நாள் மனத்தில் வைத்திருந்த ஒரு விண்ணப்பத்தை நாகவள்ளி எடுத்துவைத்தது அந்த வேளையில்தான்.

"என்னங்க, நானும் லைசென்ஸ் எடுக்கலாம்னு பார்க்கிறேன். எதிர் ஃப்ளாட் ஆபிதா அக்கா எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஷார்ஜா மீன் மார்க்கெட்டு வரைக்கும் அவங்களே ஓட்டிட்டுப் போறாங்க. என் விசாவுக்கு ஸ்பான்சர் நீங்கதானே, 'என் மனைவி வண்டி ஓட்ட எனக்கு ஆட்சேபனை இல்லை'ன்னு ஒரு லெட்டர் தந்தாப் போதும். டிரைவிங் ஸ்கூல்ல ஃபைல் திறந்துடுவாங்க."

கோபாலசாமி மனக்கணக்குப் போட்டார். ஆறு முறை தோற்ற கணவர் ஒருவர். அவர் வீட்டிலேயே ஒரே முறையில் வென்ற மனைவி ஒருத்தி! அந்தக் காட்சியை அவரால் கற்பனையிலும் பார்க்க முடியவில்லை. 'முடியாது' என்றால் காரணம் கேட்பாள். 'சரி' என்றாலோ ஆபத்து. நல்லவேளையாகக் காலடியில் நீல விரிப்பு இருந்தது. சட்டென்று அதில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"என்னங்க, உங்களைத்தானே?"

"தியானம்" என்றார் கோபாலசாமி.

"தியானத்துல பேசலாமா?"

"கூடாது."

"அப்ப இப்பப் பேசுனது?"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மறுநாளும் கேட்டாள், மறுநாளும் தியானம். காலையில் கேட்டாள், காலைத் தியானம் என்று ஒரு புதிய வழக்கம் பிறந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் கேட்டாள். வஜ்ராசனத்தில் அமர்ந்து ஏப்பத்தோடு மௌனமானார். இரு வாரங்களில் நாகவள்ளி கேட்பதையே விட்டுவிட்டாள். மூச்சுப் பயிற்சியின் பலன்களில் இதைக் கரோலின் ஏன் சொல்லவில்லை என்று கோபாலசாமி வியந்தார்.

நான்காம் வாரம் நாகவள்ளி பணிவோடு வந்து நின்றாள்.

"பேச வேணாங்க. டைப்பிங் சென்டர்லேருந்து பேப்பர் வந்திருக்கு. வீட்டு ஒப்பந்தம், விசா புதுப்பிக்கிறதுன்னு நாலஞ்சு. கையெழுத்தாவது போடுவீங்களா, இல்ல அதுக்கும் மௌனமா?"

பதினோரு ஆண்டு வளைகுடா வாழ்க்கையில் அரபியில் தட்டச்சான காகிதங்கள் எத்தனையோ கோபாலசாமியின் பேனாவைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றையும் அவர் படித்ததில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் எவரும் படித்ததில்லை. எந்த மூலையில் கையெழுத்திடுவது என்று தெரிந்தால் அதுவே அரபியில் புலமை. மேலும், 'வருவதைத் தடுக்காதே, போவதைப் பிடிக்காதே' என்று கரோலினும் சொல்லியிருந்தாள். ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து, விரல் காட்டிய இடங்களிலெல்லாம் ஞானியின் அமைதியோடு கையெழுத்திட்டார்.

"உண்மையிலேயே மாறித்தான் போயிட்டீங்க" என்றாள் நாகவள்ளி. அவருக்கு மெய்சிலிர்த்தது.

மூன்றாம் மாத முடிவில் ஏழாவது தேர்வு வந்தது. கோபாலசாமி விடியலில் குளித்து, திருநீறு இட்டு, நாற்பது நிமிடம் மூச்சிழுத்து, தேர்வு மைதானத்துக்குப் போனார். இடக்கையைத் தொடையின்மேல் வைத்து அதற்கு எச்சரிக்கையும் விடுத்தார். அதிகாரி பக்கத்தில் அமர்ந்து, "யல்லா, கிளம்பு" என்றார்.

அன்று கோபாலசாமி ஓட்டியதுபோல் அவர் அதற்கு முன் ஓட்டியதில்லை. கியர் இருந்த இடத்தில் இருந்தது. இண்டிகேட்டர் இண்டிகேட்டராகவே எரிந்தது. அதிகாரியின் புருவம்கூட ஒருமுறை மெச்சுதலாக உயர்ந்தது. அப்போதுதான் எதிரே ரவுண்டபௌட் தெரிந்தது. இடப்பக்கமிருந்து வெள்ளை வேன்கள், தண்ணீர் லாரிகள், டாக்சிகள். நெஞ்சு படபடத்தது. ஆயினும் இப்போது அவர் பழைய கோபாலசாமி அல்லர், உபாயம் அறிந்தவர். வட்டத்துக்குள் நுழைந்தார். பாடம் சொன்னபடியே கண்களை இறுக மூடினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அடக்கும் கட்டத்தில், இரண்டாவது எண்ணில், அதிகாரி தம் பக்கத்துப் பிரேக்கை இரு கால்களாலும் மிதித்தார். வண்டி ரவுண்டபௌட் நடுவிலிருந்த பூச்செடிகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"கண்ணை ஏன் மூடினாய்?"

"பதற்றம் போக, சார்."

"போனதா?"

"எனக்குப் போய்விட்டது, சார்."

"எனக்கு வந்துவிட்டது. கலாஸ், முடிந்தது. இறங்கு."

மைதானத்து வாயிலில், வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பலகையில் கோபாலசாமி அமர்ந்தார். இனி ஜெபல் அலி சேதுமாதவனுக்கே. அந்த வேளையில் பெண்கள் பகுதிக் கதவு திறந்தது. ஆபிதா சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால், கருப்புக் கண்ணாடி அணிந்த இன்னொரு பெண். கோபாலசாமி முதலில் அவளை யாரோ என்று நினைத்தார். புடவை தெரிந்த புடவையாக இருந்தது.

"நாகு! நீ எங்க இங்க?"

"பாஸாயிட்டேங்க" என்றாள் நாகவள்ளி.

"எதுல?"

"லைசென்ஸ்லதான். முதல் தடவையே! டெஸ்ட் எடுத்த அம்மா கை குடுத்து மப்ரூக்னு வாழ்த்துச் சொன்னாங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தார். "ஃபைல் எப்படித் திறந்தே? ஸ்பான்சர் லெட்டர் இல்லாம நடக்காதே! யார் குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா? எப்ப?"

"வீட்டு ஒப்பந்தத்துக்கு அடுத்த பேப்பர். எப்பவும் டைப்பிங் சென்டர்ல அரபியில மட்டும்தான் அடிப்பாங்க. நான்தான் எதுக்கும் இருக்கட்டும்னு கீழே இங்கிலீஷ்லயும் அடிக்கச் சொன்னேன், பார்த்துட்டுக் கேட்டீங்கன்னா சொல்லிடலாம்னு. நீங்க ஒரு கண்ணைத் தொறந்து பார்த்தீங்க, போட்டுட்டீங்க."

"அதுக்கப்புறம் கிளாசு?"

"நீங்க காலையில ஆறு மணிக்கு பஸ் ஏறினா ராத்திரிதானே வர்றீங்க? நான் அதுக்குள்ள ஓட்டிட்டு வந்து ரசமும் வச்சுடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லலியா? பதினாலு தடவை சொன்னேன். இவரு கண்ணை மூடிக்கிட்டாரு, நான் என்ன பண்ணட்டும் ஆபிதாக்கா?"

"அண்ணனைத் திட்டாதே புள்ள. அவுக மனசு அமைதியா இருந்துச்சுல்ல, அது போதாதா?" என்றாள் ஆபிதா.

கோபாலசாமி சோர்ந்துவிடவில்லை. திடசித்தம் உள்ளவனுக்குத் தோல்வியும் ஒரு கருவி. மறுநாளே மேலாளரின் முன் போய் நின்றார். "காலை ஆறு மணிக்கு நான் சைட்டில் இருப்பேன். எப்படி வருகிறேன் என்பது என் பொறுப்பு. வீட்டில் லைசென்ஸ் இருக்கிறது" என்றார். சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மேலாளர் உற்றுப் பார்த்தார், விசாரித்தார், விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில், பாபநாசத்தையும் பண்டாரவாடையையும் மறக்காதவராதலால், பதவியைக் கொடுத்தார். காப்பீட்டில் நாகவள்ளியின் பெயரையும் சேர்த்துக் கம்பெனிக் கார் வந்தது.

முதல் நாள் விடியற்காலை நான்கரை மணி. நீராவிப் புழுக்கத்தில் தெருவே நனைந்திருந்தது. புதிய சைட் இன்சார்ஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே வந்தார். காரின் பின்கதவைத் திறந்தார். கையில் கோப்போடு கம்பீரமாகச் சாய்ந்து அமர்ந்தார். அதிகாரிகள் அப்படித்தான் அமர்கிறார்கள். எதிர்ப்படும் எவரும் முன்னால் இருப்பவள் யாரென்று ஆராயப்போவதில்லை. தம்மைத்தான் பார்ப்பார்கள்.

"போகலாம்" என்றார்.

வண்டி நகரவில்லை.

"முன்னாடி வாங்க" என்றாள் நாகவள்ளி.

"ஏன்? இன்சார்ஜ் பின்னாடி உட்கார்றதுதானே முறை?"

"நீங்க பின்னாடி உட்கார்ந்தா நான் டிரைவராயிடுவேன். எனக்கு அது ஒத்து வராது."

அதுவும் நியாயமே என்று கோபாலசாமிக்குப் பட்டது. கணவனும் மனைவியும் சரிசமமாக அருகருகே அமர்ந்து போவதிலும் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது. பெருந்தன்மையோடு இறங்கி, முன்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார்.

நாகவள்ளி ஒரு பழைய செய்தித்தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"உட்கார்றதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியெல்லாம் துடைச்சுடுங்க. கிளீனர் வேலை முன்சீட்டுக்காரருதுதானே?"