எண்ணெய்ச் சட்டிமேல் விழுந்த பழி

"இனிமே இந்த வீட்ல எண்ணெயே கிடையாது!"

ரத்தப் பரிசோதனைத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்தார் கணவர். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"டாக்டர் என்னதான் சொன்னார்?"

"உடம்புக்குள்ள அழற்சியாம். இப்படியே போனா ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள புண்ணாகி, கொழுப்பு படிஞ்சு, ஒருநாள் அடைச்சுக்குமாம். எல்லாம் உன் கைப்பக்குவம்!"

டாக்டர் சொன்னது இரண்டு காரணம். கண்டதைத் தின்பது ஒன்று. உடம்பில் எங்காவது ஆறாமல் கிடக்கும் கிருமித்தொற்று இன்னொன்று. இவர் காதில் முதலாவது மட்டும் ஏறியது. வசதியான காது. ஆனால் பயம் நிஜம். அவருடைய அப்பா இதே வயதில்தான் மாரடைப்பில் போனார். பயந்தவருக்குப் பழிபோட ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தானே கல்யாணம் செய்துவைக்கிறார்கள்.

எண்ணெய் போயிற்று. பின்னாலேயே சர்க்கரையும் போயிற்று. பிறகு அடுப்பையே அணைக்கச் சொல்லிவிட்டு, பச்சைக் கேரட்டை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தார். ஈறில் ரத்தம் கசிந்தது. பல் தேய்த்தால் இன்னும் கொட்டியது. உடனே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டார்.

"அந்த வாயை யாருகிட்டயாவது காட்டுங்களேன்."

"நான் நெஞ்சைப் பத்திப் பேசறேன், நீ வாயைப் பத்திப் பேசற!"

"நானும் இத்தனை வருஷமா அதே சாப்பாட்டைத்தானே சாப்பிடறேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அப்ப உன் ரத்தத்தையும் கொடு. பார்த்துடலாம்."

பார்த்தார்கள். அவளுடைய ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய அழற்சி முன்பைவிட இரண்டு மடங்காகியிருந்தது.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர்.

திறந்தார். டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஈறு பூரா சீழ் வெச்சிருக்கே! அந்தக் கிருமிதான் ரத்தத்துல கலந்து இவ்வளவு வேலையும் பண்ணுது. இந்த அம்மா சமையல் மேல பழி போட்டது போதும். இன்னிக்கே ஒரு நல்ல பல் டாக்டரைப் போய்ப் பாருங்க."

கணவர் தரையைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

மருந்துச் சீட்டை நீட்ட வந்த நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவர் யாரைப் போய்ப் பார்ப்பார் சார்? 'ஈறைக் கவனிக்கலைன்னா மாரடைப்பு வரும்மா'ன்னு மிரட்டி, போன மாசம் என் கடவாப்பல்லைப் பிடுங்கினதே இவர்தானே!"