நிப்பாட்டியரும் வழி சொல்லும் போனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வானை ஓட்டிய நேரத்தைவிட நிறுத்தி வைத்திருந்த நேரம் அதிகமான சாரதி என்று ஒருவர்தான் இருக்க முடியும். உடுவிலில் அவருக்கு நிப்பாட்டியர் என்று பெயர். பட்டப்பெயர் வைத்தாலும் பின்னால் ஒரு ‘அர்’ போட்டு மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். நேரே கூப்பிடும்போது எல்லாருக்கும் அவர் அண்ணை.

நான் கலியாணவீடுகளுக்குப் படம் எடுப்பவன். கமராவையும் விளக்குகளையும் ஏற்றிக்கொண்டு குடாநாடு முழுக்கத் திரியவேண்டும். வருடக்கணக்காக எனக்கு அவருடைய வாடகை வான்தான். போனில் வழி சொல்லும் மப் வந்தபோது மற்றச் சாரதிகள் அதை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு பறந்தார்கள். நிப்பாட்டியரும் ஒரு போன் வாங்கினார். ஆனால் அதை டாஷ்போட் லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் வான் ஓடுவார். உள்ளேயிருந்து மப்பின் பெண்குரல் ஏதாவது சொல்லத் தொடங்கினால் சிக்னல் போட்டு, இடப்பக்கம் ஒதுக்கி, ஹான்ட்பிறேக்கை இழுத்து, எஞ்சினையும் நிற்பாட்டுவார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லாச்சியைத் திறப்பார். அதற்குள் அது சொல்லி முடித்திருக்கும்.

“பிள்ளை, இன்னொருக்காச் சொல்லும்” என்பார்.

அது சொல்லாது. ஆகவே மப்பை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து, அடுத்த திருப்பத்தை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பாடமாக்குவார். தெல்லிப்பழையை அது ‘டெலிபலாய்’ என்று சொன்னால் அதையும் திருத்துவார். ழகரம் அதற்கு வராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பழகினால் வரும் என்றார்.

ஒருமுறை லண்டனிலிருந்து வந்த ஒருவர், தகப்பன் பிறந்த வீட்டைத் தேடிப்பிடித்துக் குடும்பத்தோடு படம் எடுக்கவேண்டும் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முன்சீற்றில் இருந்து தன் போனை நிப்பாட்டியரின் மூக்குக்கு நேரே நீட்டி, இதிலே பாருங்கோ என்றார். வான் ஒதுங்கி நின்றது. ஏன் நிற்கிறோம் என்று கேட்டார். நீங்கள் காட்டி முடியுங்கோ, நான் பார்த்து முடிக்கிறேன், பிறகு வெளிக்கிடுவோம் என்று அமைதியாகப் பதில் வந்தது. இப்படி ஐந்து தரம். ஆறாவது தரம் அவரைப் பின்சீற்றுக்கு அனுப்பிவிட்டு அவருடைய மனைவியை முன்னால் இருத்தினார். அந்த அம்மா போனைத் தொடவேயில்லை. லண்டனிலும் கார் ஓடும்போது இவரோடு இதே தொல்லைதான் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னால் ஏதோ பெரிய விபத்து இருக்கவேண்டும் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன்.

“ஒண்டும் நடக்கேல்லை” என்றார். “கதைக்கிற ஆளைப் பாத்துத்தான் கேக்கவேணும். ஓடேக்கை றோட்டைப் பாக்கவேணும். எனக்கு இருக்கிறது ரெண்டு கண். ரெண்டும் ஒரே பக்கம்தான் பாக்குது.”

தெல்லிப்பழைக்கு அப்பால், உள்ளே ஒரு சின்ன அம்மன் கோயிலில் ஒரு கலியாணம். போர் முடிந்தபிறகு சனம் திரும்பி வந்து குடியேறிய பகுதி; பழைய ஒழுங்கைப் பாதைகள் சில அடைபட்டு, புதியவை திறந்திருக்கும். பத்து மணியோடு முகூர்த்தம் முடிகிறது. எட்டரைக்கே நான் அங்கே நின்றிருக்கவேண்டும். ஒன்பதரைக்கும் நாங்கள் ஓர் ஒழுங்கை முகப்பில், எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, மப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாலி கட்டும் படம் இல்லாத அல்பத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? இதுதான் உங்களோடு கடைசிப் பயணம் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். கண் மப்பில் இருந்தது.

அடுத்த வளைவில், பூச்சோடித்த கார் ஒன்று வெங்காயத் தோட்டத்துக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வரம்பில் பட்டு வேட்டி, தலைப்பாகையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் அவருடைய சிநேகிதன், கையில் போன். குறுக்குவழி காட்டுகிறது என்று சிநேகிதன் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். ஒழுங்கை திரும்பியது, கார் திரும்பவில்லை. யாருக்கும் கீறல்கூட இல்லை. சொந்தக்காரரின் பஸ் எப்போதோ கோயிலுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை என்று அங்கிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு.

இரண்டுபேரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். நூறு மீற்றர்கூடப் போகவில்லை, லாச்சிக்குள் குரல் கேட்டது. சிக்னல், ஒதுக்கம், ஹான்ட்பிறேக். மாப்பிள்ளை முதல்முறை பொறுத்துக்கொண்டார். இரண்டாம்முறை தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். மூன்றாம்முறை அழாக்குறையாகக் கேட்டார்.

“அண்ணை, ஓடிக்கொண்டே பாருங்கோவன்.”

நிப்பாட்டியர் கண்ணாடியைத் துடைத்தார்.

“தம்பி, ஓடிக்கொண்டு பாத்தவையின்ரை கார் வெங்காயத்துக்கை நிக்குது.”

மாப்பிள்ளை தலைப்பாகையை எடுத்துத் திரும்பவும் தலையில் வைத்தார். இன்னும் இரண்டு தரம் நின்றோம். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கக் கோயில் வாசலில் இறங்கினோம். ஐயர் எங்களைக் கண்டதும் மந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார். தாலி கட்டும் படம் நன்றாக விழுந்தது. வேட்டிக் கரையில் செம்மண் ஒட்டியிருந்ததை மட்டும் பிறகு கொம்பியூட்டரில் அழித்தேன். நாங்கள் நேரத்துக்குப் போயிருந்தால் மாப்பிள்ளை வெங்காயத்துக்குள்ளேயே நின்றிருப்பார் என்பது எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில்தான் உறைத்தது.

குடும்பப் படத்துக்கு நிப்பாட்டியரையும் கூப்பிடச் சொன்னார் மாப்பிள்ளை. வானை ஒரு வீட்டு வாசற் படலைக்குக் குறுக்கே விட்டிருக்கிறேன், விட்டுவிட்டு வர ஏலாது என்று அவர் மறுத்துவிட்டார். திரும்பி வரும்போது கடைசிப் பயணம் என்று சொன்னதைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த கலியாணத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

போன ஆவணியில் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு மாதம் வான் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பார்க்கப் போனபோது, எனக்கு வேறு ஒரு சாரதியை ஒழுங்கு செய்து வைத்திருந்தார். கெட்டிக்காரன், வேகமாகக் கொண்டுபோய் விடுவான் என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு மாதமும் தூரத்துக் கலியாணம் ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று மனைவி கேட்டாள். கமரா பழுது என்று சொன்னேன்.