மாமனாரின் எரூசிக் அமிலம்

கருவி நாற்பத்தாறு என்று காட்டியது. ஆய்வாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். கோளாறு கண்ணாடியில் இல்லை.

கடுகின் பங்காளியான ரேப்சீட் விதையைப் பிழிந்தால் வரும் எண்ணெயில் எரூசிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சமையலுக்குப் போகும் எண்ணெயில் அது நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. அந்த ஆய்வகத்தில் அவன் கையாண்டதெல்லாம் சமையலுக்கான விதைதான். இரண்டரை காட்டிய விதையையே ஈவிரக்கமின்றித் தள்ளியிருக்கிறான். இதுவோ நாற்பத்தாறு. அதுவும் மாமனார் வயலில் விளைந்தது.

மாமனார் அவனோடு பேசி நெடுங்காலம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் வீட்டு எண்ணெயை முகர்ந்துபார்த்து, கெட்டுவிட்டது என்று அவன் சபையில் சொன்னதுதான் காரணம். எண்ணெய் கெட்டிருந்தது உண்மை. அதைவிட உறவு அதிகமாகக் கெட்டது. அப்படிப்பட்டவர் இப்போது மகள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

"அப்பா இந்த வருஷம் நெலம் முழுக்க இதத்தாங்க போட்டிருக்காரு," என்றாள் மனைவி. "உங்க கையாலதான் சோதிக்கணுமாம். கொஞ்சம் பாத்துப் பண்ணச் சொன்னாரு."

'பார்த்துப் பண்ணு' என்பது நம் மொழியின் ஆழங்காண முடியாத தொடர்களில் ஒன்று. அறுவை மருத்துவரிடம் சொன்னால் கவனம் என்று பொருள். அதிகாரியிடம் சொன்னால் சலுகை என்று பொருள். மாப்பிள்ளையிடம் சொன்னால் என்ன பொருள் என்பதற்கு எந்த அகராதியும் உதவாது. மாமனாரையே கேட்டிருக்கலாம். ஆனால் சோதனை முடியும்வரை விதைக்காரரோடு பேசலாகாது என்பது ஆய்வகத்தின் விதி. தவிரவும், இத்தனை காலம் பேசாத மாமனாரிடம் முதல் பேச்சாக அமிலத்தையா எடுப்பது?

முதலில் கருவியைச் சந்தேகித்தான். பழைய எண்ணெயின் எச்சம் இருக்கக்கூடும் என்று கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினான். கருவி தூய மனசாட்சியோடு நாற்பத்தேழு என்றது.

அடுத்து விதையைச் சந்தேகித்தான். களைவிதை, சொத்தை, சுருங்கல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கினான். முற்றி விளைந்த மணிகள் மட்டும் மிஞ்சின. ஐம்பது காட்டியது. மாமனார் எவ்வளவு தேர்ந்த விவசாயி என்பது அன்றுதான் அவனுக்குப் புரிந்தது.

ஆய்வகத் தலைவர் எட்டிப்பார்த்தார். எதுவும் அவரைத் தாண்டிப் போகாது என்பதால் ஊழியர்கள் அவருக்கு இட்ட பெயர் சல்லடை.

"என்னய்யா, கைப்பிடி வெதைய வச்சுக்கிட்டுக் குடும்பமா நடத்துற?"

"குடும்பத்துக்காகத்தான் சார்," என்று அவனுக்கு வாய் தவறியது.

மாலைக்குள் முடிவு போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள். மூட்டைகளை ஏற்றிய லாரியோடு அப்பா வாங்குகிறவர்களின் வாசலில் காத்திருப்பதாகவும், சாப்பிடக்கூட இல்லையென்றும் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"இது மட்டும் நல்லபடியா முடியலன்னா, அவரு இந்த ஜென்மத்துல நம்ம வீட்டுப் படி ஏற மாட்டாருங்க."

அவன் அலமாரியைத் திறந்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த, அமிலமே இல்லாத உத்தம விதை அங்கே ஒரு சாடி நிறைய இருந்தது. பாதிக்குப் பாதி கலந்தான், இருபத்தைந்து. இன்னும் கொட்டினான், பன்னிரண்டு. உத்தமம் ஏற ஏற மாமனார் குறைந்துகொண்டே வந்தார். கடைசியில் கிண்ணத்தில் அவருடைய பங்கு, கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பங்கைப் போலாயிற்று: வந்திருந்தார் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒன்று புள்ளி எட்டு.

தொழில் வாழ்வில் முதன்முறையாக ஒரு பொய்யின் கீழே கையெழுத்திட்டான். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது, அதுதான் அவனை அச்சுறுத்தியது. ஒரு குடும்பம் பிழைக்க ஓர் எண் சாகலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, முடிவை அனுப்பிவிட்டு வீடு திரும்பினான்.

கூடத்தில் மாமனார் அமர்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார்.

அந்த இரண்டு சொற்களுக்காக இன்னும் எத்தனை எண்களை வேண்டுமானாலும் கொல்லலாம் என்று தோன்றியது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெகிழ்ச்சியை மறைப்பதற்காக அவன் வெளியே வந்தான். தெருவோரம் லாரி நின்றது. மூட்டைகள் கட்டுக் குலையாமல் அப்படியே இருந்தன. இன்னும் ஏன் இறக்கவில்லை என்று ஓட்டுநரிடம் விசாரித்தான்.

ஓட்டுநர் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்: "இது மெஷினுக்குப் போடுற எண்ணெய்க்குன்னே வெளைய வச்சது சார், அமிலம் நாப்பத்தஞ்சுக்கு மேல இருந்தாத்தான் எடுப்பாங்க; ரிசல்ட்டப் பாத்துட்டு அவங்களே இன்னொரு எடத்துல சோதிச்சுப் பாக்கலாம்னாங்க, பெரியவருதான் 'எம் மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது'ன்னு லோடத் திருப்பச் சொல்லிட்டாரு."