கிரோவுக்குப் புழு பிடிக்கவில்லை

"சாப்பிடுடா ராசா. ஒண்ணே ஒண்ணு" என்று இடுக்கியில் நெளியும் புழுவை நீட்டினார் ராஷ்கோ.

சமையலறை மேசைமேல், கண்ணாடித் தொட்டிக்குள், விளக்குச் சூட்டில் கிடந்த கிரோ தலையை மேலும் கீழும் ஆட்டினான். கிரோ நுனி ஒடிந்த மொண்ணை வாலுள்ள ஒரு தாடி ஓணான். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் வேண்டாம் என்று பொருள். சரி என்பதற்குத்தான் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும்.

"வேணாம்ங்கறான் அண்ணே" என்றாள் எதிர்வீட்டு வெல்கா. புழு அவளுடைய முட்டைக்கோஸ் பாத்தியில் பொறுக்கியது. "என் தோட்டத்துப் புழுவே இறங்கலன்னா இவனுக்கு நாக்கு ரொம்ப நீளம்."

அப்போது போன் அடித்தது. ராஷ்கோ முழங்கையால் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

மகள் நெலி மார்ச் மாதம் ஊருக்கு வந்து, "ஆறு வருஷமா என்கூட இருக்கான்பா, பத்திரமா பாத்துக்கோ" என்று தொட்டியை வைத்துவிட்டு ஹாம்பர்க்குக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். அதற்கு முன் சோபியாவில் இருந்தபோது பிறந்தநாளுக்கு ஒரு போன், ஈஸ்டருக்கு ஒரு போன், அவ்வளவுதான். அம்மா கின்கா போனபிறகு அப்பாவும் மகளும் பேச விஷயம் கிடைக்காமல் இரண்டு பக்கமும் இருமிக்கொண்டிருப்பார்கள். இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். கிரோவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் போனும் நின்றுவிடும் என்பதுதான் ராஷ்கோவின் பயம்.

"சாப்பிட்டானாப்பா?"

"வெல்கா தோட்டத்துப் புழு காட்டறேன்."

"அய்யோ அப்பா, வெல்கா அத்தை கோஸுக்கு மயில்துத்த மருந்து தெளிப்பாங்களே. தூக்கிப் போடு."

போனில் வந்த குரல் காதில் விழ, வெல்காவுக்குச் சுருக்கென்றது. "என் கோஸை இந்த மாடியே திங்குது. யாராவது செத்தாங்களா?"

மறுநாள் ராஷ்கோ ஆற்றங்கரைக் கடையில் தூண்டில் புழு ஒரு பெட்டி வாங்கினார். ரோஜா நிறத்தில், சோம்பு வாசனையோடு பளபளவென்று இருந்தன. கிரோ முகர்ந்து பார்த்துவிட்டு மேலும் கீழும் ஆட்டினான்.

"சாயம் போட்ட புழுப்பா அது. மீன் ஏமாறும், கிரோ ஏமாறலாமா?" என்றாள் நெலி போனில்.

பெட்டியை அடுப்புக்குப் பின்னால் வைத்தவர் அதை அடியோடு மறந்துபோனார். புழுக்கள் மறக்கவில்லை. இறக்கை முளைத்து வெளியே வந்தன.

"உங்க வீட்டு ஈ என் தயிர் சூப்புல நீச்சல் அடிக்குது அண்ணே" என்றாள் வெல்கா.

போனில் இதைக் கேட்ட நெலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேசாம பட்டுப்புழு குடுப்பா. மெத்துனு இருக்கும், விஷம் கிடையாது. உனக்குப் பழக்கந்தானே."

ராஷ்கோ போனை வைத்தார். பழக்கமா? கூட்டுறவுப் பண்ணைக் காலத்தில் வசந்தம் வந்தால் வீட்டுக்கு வீடு பட்டுப்புழு முட்டை கொடுப்பார்கள். நல்ல அறை புழுவுக்கு, சமையலறை மனுஷனுக்கு. வெங்காயம் வதக்கக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. ரயிலடி மல்பெரி மரத்தில் அவர் ஏறி இலை உருவ, கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, "கிளையை ஒடிக்காதே தடியா" என்று ஏசினாள். அந்த ஏச்சுக்காகவே மறுநாளும் அதே மரத்தில் ஏறினார். அவள்தான் கின்கா.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெட்டி பட்டுப்புழு வந்தது. ஒன்றை இடுக்கியில் எடுத்தார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. திரும்ப இலைமேல் விட்டார்.

"கொஞ்சம் பெரிசாகட்டும்" என்றார்.

"ஆமா, அப்புறம் பள்ளிக்கூடம் அனுப்பலாம்" என்றாள் வெல்கா.

பெரிதாயின. அடுப்புத் தட்டுகள் போதாமல் நெலியின் கட்டிலை அவற்றுக்கே கொடுத்தார். சமையலறை முழுக்க மல்பெரிக் கிளை. அவர் படுக்கையும் அங்கேதான். கிரோ பாவம், நடமாடட்டும் என்று தொட்டியின் மூடியை எடுத்துவிட்டார். வெல்கா மாடிப்படி நெடுக யாரும் வெங்காயம் வதக்கக்கூடாதென்று சட்டம் போட்டாள். சாயங்காலம் இருவரும் இலை போட்டுவிட்டு, புழுக்கள் தின்னும் மழைச் சத்தத்தைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ராஷ்கோவுக்குக் கண் கலங்கும். கின்கா போனபிறகு அந்த வீட்டில் இத்தனை வாய்கள் மென்றதில்லை.

கிரோவுக்கு மட்டும் ஒரு புழுகூடக் கொடுக்க மனசு வரவில்லை. போனில், "சாப்பிட்டான்மா, நல்லா சாப்பிட்டான்" என்று புளுகினார்.

ஒரு நாள் கிரோ கண்ணை மூடிக் கிடந்தான். புழுவைக் காட்டினால் தலைகூட ஆட்டவில்லை. ராஷ்கோ கின்காவின் பழைய கூடையில் துணி விரித்து, அவனைப் படுக்கவைத்து, பக்கத்து டவுன் ஹாஸ்கோவோவிலுள்ள பிராணிக் கடைக்கு பஸ் ஏறினார்.

கடைக்காரர் கிரோவைப் புரட்டி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "என்ன ஐயா கஷ்டம் இவனுக்கு?"

"பட்டினி. எதைக் காட்டினாலும் வேணாம்னு தலையாட்டறான்."

"இவன் ஆஸ்திரேலியாக்காரன். அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா 'நான்தான் இங்க பெரியாளு'ன்னு அர்த்தம். பட்டினியா இவனுக்கு? தொப்பை தரையைத் தேய்க்குது. வீட்ல இலைதழை கிடக்குமா?"

"மல்பெரி. பட்டுப்புழுவுக்குப் போடறது."

"வளந்த ஓணான் அதிகமா இலைதான் திங்கும். வேற?"

"ஈ கொஞ்சம் இருக்கும்."

"சரியாப் போச்சு. உங்க சமையக்கட்டு இவனுக்குக் கல்யாணப் பந்தி. தின்ன மயக்கம், வேற ஒண்ணுமில்ல."

ராஷ்கோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேனேன்னு தவிச்சேன். ஆறு வருஷமா உசுராட்டம் வளக்கறா."

கடைக்காரர் கிரோவின் மொண்ணை வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா? மார்ச் வரைக்கும் இவன் என் ஜன்னல்லதானே இருந்தான். நாய், பூனை எல்லாம் காட்டினேன் ஐயா, அந்த நர்ஸ் பொண்ணு, 'அதெல்லாம் போட்டதைத் தின்னுடும், அப்புறம் எதைக் கேட்டு எங்கப்பாவுக்கு தினமும் போன் பண்றது'ன்னுட்டு இவனைத் தூக்கிட்டுப் போச்சு."