அணைக்கக் கூடாத கார்

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கார் நலமில்லை. நீங்களும் மாமாவும் கடையில் இருக்கும் தையல் மெஷின்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொன்னவள் ஏன் வரவில்லை என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். அப்பா போனில் “கார் ரிப்பேரு, அக்கா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அது முழு விஷயமல்ல. நான் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் “ம், சொல்லு” என்றதும் எனக்கு வாய் அடைத்துப்போகும். போன தடவை நான் மூச்சுவிட்டதை மட்டும் கேட்டுவிட்டு “சரிம்மா, நல்லா சாப்பிடு” என்று வைத்துவிட்டீர்கள். படித்த காலத்தில் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். டீச்சர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரும்போது அடுத்த பாடம் ஆரம்பித்திருக்கும்.

அப்பாவின் கார் என்னைவிட மூத்தது. போன மழைக்காலத்திலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் ஆணி டப்பாவைக் குலுக்கினதுபோல ஒரு சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். அப்பா மெக்கானிக்கிடம் காட்டினார். எஞ்சினுக்குள் ஒரு செயின் இருக்கிறதாம். கீழே சுற்றுவதையும் மேலே இருப்பதையும் அதுதான் சேர்த்துச் சுழற்றுமாம். ஓடி ஓடி அது நீண்டுவிட்டது, அதை இறுக்கிப் பிடிக்கும் பாகமும் தேய்ந்துவிட்டது, ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் மேலே ஏறாததால் தொளதொளவென்று அடிக்கிறது, ஆயில் ஏறியதும் அடங்குகிறது என்று மெக்கானிக் சொன்னார். “மாத்திடுங்கண்ணே, இல்லன்னா ஒரு நாள் அறுந்துடும்” என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான் வருகிறது. அதனால் மறுநாளிலிருந்து ஸ்டார்ட் பண்ணுவதைக் குறைத்துவிட்டார்.

காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்வார், அப்புறம் சாயங்காலம்வரை அணைக்க மாட்டார். தன் கண்ணாடிக் கடையைத் திறக்கும்போதும், வாடிக்கையாளர் வீட்டில் நிலைக்கண்ணாடி மாட்டும்போதும், முடிவெட்டிக்கொள்ளும்போதும் கார் வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும். “ஊர்ல எல்லாரும் அடுப்பை அணைச்சோமான்னு திரும்பிப் பாப்பாங்க. இவரு காரை யாராவது அணைச்சிட்டாங்களான்னு ஓடிவந்து பாக்குறாரு” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஓடும் காரைத் தனியே விட முடியாது இல்லையா, அதனால் உள்ளே உட்கார ஒரு ஆள் வேண்டும். படிப்பை விட்டு வீட்டில் இருப்பவள், யாரோடும் பேச்சு கொடுக்காதவள், உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பவள் நான்தானே. யாராவது ஜன்னலைத் தட்டி “பாப்பா, வண்டி ஓடுது” என்பார்கள். “தெரியும், நன்றி” என்று நான் சொல்லும்போது அவர்கள் தெருவைத் தாண்டியிருப்பார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது அத்தை. பின் சீட்டில் என் பக்கத்தில் விற்பனைக்கான கண்ணாடிகள் சாய்ந்திருக்கும், அவற்றில் வானம் இருக்கும், எஞ்சின் அதிர்வில் மேகமெல்லாம் மெல்ல நடுங்கும். நின்ற இடத்திலேயே எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். எங்கேயோ என்ன, உங்கள் கடைக்குத்தான். திரைச்சீலை தைக்கும் வேலைக்கு என்னை வரச்சொன்ன நாளிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆளை அளக்க வேண்டாம், ஜன்னலை அளந்தால் போதும் என்றீர்களே. ஜன்னல் எதுவும் கேட்காது. அந்த சீட்டில் இருந்தபடியே உங்கள் தெருவின் ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் நான் திரை போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மூவரும் பெட்டியோடு புறப்பட்டோம். “பஸ்ல அனுப்புனா என்ன?” என்று அம்மா கேட்டதற்கு, “என் பொண்ணை நான்தான் கொண்டுபோய் விடுவேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆணி டப்பா சத்தம் அடங்கவேயில்லை. கண்ணாடி இல்லாத பின் சீட்டில் எனக்கு வானமும் இல்லை. ஊர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி, சைக்கிள் எல்லாம் நின்றன. எங்கள் கார் மட்டும் கடகடத்தது.

“அதைக் கொஞ்சம் அணைங்க” என்றாள் அம்மா. “போற பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

அப்பா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாவியைத் திருப்பி அணைத்தார். அத்தை, அப்படி ஒரு அமைதியை அந்தக் காருக்குள் நான் கேட்டதேயில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள், வாயைத் திறந்தாள், என் காலரைச் சரிசெய்தாள், திரும்பிக்கொண்டாள். ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் ஜன்னலாக, ஒன்றிலும் திரை இல்லை. அது போய் முடியாமலே இருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கேட் திறந்தது. அப்பா சாவியைத் திருப்பினார். ஆணி டப்பா மாடிப்படியில் உருண்டது, உள்ளே டப் என்று எதுவோ இடித்தது, அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருப்பியபோது உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல லேசாக, சுலபமாகச் சுற்றியது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி மெக்கானிக் ஷெட்வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டார்.

மெக்கானிக் முன்மூடியைக் கழற்றி, அறுந்த செயினை விரலில் தொங்கவிட்டு நீட்டினார். மேலே இருக்கும் வால்வுகளும் வளைந்துவிட்டனவாம்.

“அன்னைக்கே சொன்னேனேண்ணே.”

“ஸ்டார்ட் பண்றப்பதான் சத்தம் வரும்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அதான் ஸ்டார்ட் பண்றதையே கொறச்சிட்டேன்.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார், அதன் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு. “நின்ன இடத்துலயே ஓடவிட்டு ஆயிலைக் குடிக்க வெச்சிருக்கீங்க. செயினுக்கு என்னத்த மிச்சம் வெச்சீங்க?”

“சரி, மெதுவாவே பண்ணுங்க. அவசரமில்ல.”

“பொண்ணு ஊருக்குப் போகணும்னீங்களே?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். நான் காரின் அந்தப் பக்கம் நிற்பதை அவர் பார்க்கவில்லை. “அவ போயிட்டா அப்புறம் கார்ல யாரு உக்காருவா?”

அத்தை, அப்பா என்னிடம் இப்படிப் பேசினதே இல்லை. நானும் அவரிடம் பேசினதில்லை. அறுந்த செயினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சைக்கிள் செயின்போலத்தான் இருந்தது, கனம் அதிகம். செயின் தளர்ந்தால் கீழே சுற்றுவது சுற்றும், மேலே திறப்பது மட்டும் கொஞ்சம் பின்தங்கும் என்று மெக்கானிக் சொன்னார். அது எனக்கு உடனே புரிந்தது.

ஆகவே, இப்போதைக்கு நான் வர இயலாது. பழைய மாடல் என்பதால் பாகங்கள் எப்போது கிடைக்கும் என்று மெக்கானிக்குக்கே தெரியவில்லை. அப்பாவும் அவரிடம் கேட்கவில்லை. கார் தயாராகாமல் அனுப்ப மாட்டேன் என்கிறார். ஜன்னலோர மெஷினை இந்த வாரக் கடைசிவரைதான் எனக்காகக் காலியாக வைத்திருக்க முடியும் என்று சொன்னீர்கள். கேட்டு வந்த அந்த இன்னொரு பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கம். கத்தரிகளைச் சாணை பிடித்து வைத்திருப்பதாக அவர் சொன்னதை மறக்கவில்லை என்று சொல்லவும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். இதை பஸ்ஸில் இருந்தபடி எழுதுகிறேன். தபாலில் போட எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். “நான் பஸ்ல போறேன்பா” என்று ஒரு குரல் கேட்டது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். “உங்க பொண்ணுதான் பேசுறா” என்றாள் அம்மா. அப்பா நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார், பிறகு எழுந்து கைகழுவி, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பஸ் நிலையத்தில் டிரைவரிடம், “வழியில எங்கயும் எஞ்சினை அணைச்சிடாதீங்க” என்று சொன்னார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஞாயித்துக்கிழமை வரேன்பா” என்றேன். இந்தத் தடவை பதில் சரியான நேரத்துக்கு வந்தது.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் நின்று உங்கள் கையில் கொடுத்தது நான்தான். படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் உள்ளே கூப்பிடுங்கள் அத்தை, பெட்டி கனக்கிறது.